வெள்ளவத்தை வீடு புதுப்பிப்பு: சுடுதண்ணீர் வேலை, டைல்ஸ் ஒட்ட முதல் ஆலோசனை வேண்டும்

கடலோரவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அப்பா 1978இல் கட்டியது, இரண்டு மாடி, மேலே ஸ்லாப், ஸ்லாப்பில் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி. இப்போது மூன்று குளியலறைகளையும் உடைத்துப் புதிதாகச் செய்கிறோம். மேலே இரண்டு, அதில் ஒன்றுக்கு நேர் கீழே அம்மா அப்பாவுடையது.

அடுத்த வாரம் சுவர் வெட்டத் தொடங்குகிறார்கள், சுடுதண்ணீர் விஷயம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் சொல்வது, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர், குளியலறைக்கு ஒன்றாக மூன்று. கடையில் சொன்னது, 100 லீற்றர் டேங்க் ஒன்று. லண்டனில் இருக்கும் தம்பி ஒவ்வொரு நாளும் குரல் பதிவு அனுப்புகிறான்: "அக்கா, பொயிலர் மாதிரி ஒரே இடத்தில் வையுங்கோ, வீட்டைப் பகுதி பகுதியாகச் சோன் பிரியுங்கோ, ஃபோனில் கன்ட்ரோல் பண்ணுங்கோ."

அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி. காலை ஐந்தரைக்கு சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆறு மணிக்கு, பள்ளிக்கூட வான் வர முன். நானும் கணவரும் இரவு ஏழு மணிபோல. மீற்றர் சிங்கிள் ஃபேஸ், 30 அம்பியர். இப்போது மேலே ஒரு பழைய இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருக்கிறது. தண்ணீர் நூல் மாதிரி வரும், மழை நாட்களில் ட்ரிப் சுவிட்ச் விழும்.

எதைச் செய்வது?

கரண்டுவேலை எழுதியது:

தங்கச்சி, ஹீட்டர் வாங்க முதல் கணக்கைப் பாருங்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3.5 முதல் 5.5 கிலோவாட் வரை. 4.5 கிலோவாட் என்று வைத்தால் 230 வோல்ட்டில் ஒன்று 19.6 அம்பியர் இழுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 59 அம்பியர். உங்களுக்கு வருவதே 30. ஒன்று ஓடும்போது கீழே ரைஸ் குக்கரும் கேத்திலும் போட்டாலே மெயின் விழும். பாஸ் மூன்று வைத்துவிட்டுப் போய்விடுவார், காலை ஆறு மணிக்கு இருட்டில் நிற்பது நீங்கள்தான்.

அடுத்தது, பழைய ஹீட்டருக்கு ட்ரிப் விழுகிறது என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். 30 மில்லி அம்பியர் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்றுதான் அந்த சுவிட்ச் விழுகிறது. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்டில் வெடிப்பு இருக்கலாம், வயர் இணைப்பில் ஈரம் இருக்கலாம். இன்றைக்கே அதை ஓஃப் செய்து வையுங்கள். ட்ரிப்பைத் தாண்டி நேரடியாக லைன் கொடுக்கிறேன் என்று யாரும் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கொட்டாஞ்சேனையில் அப்படிக் கொடுத்த வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஷவர் குழாயில் டெஸ்டரை வைத்தால் எரிந்தது. அந்த வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்தது.

பனிமூட்டம் எழுதியது:

நான் லண்டனில் ஹீட்டிங் வேலை செய்பவன். தம்பி சொல்வது தவறல்ல, ஆனால் அது அவருடைய வீட்டுக்குப் பொருந்துவது. இங்கே பொயிலரின் பெரிய வேலை அறைகளைச் சூடாக்குவது. காஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்பும், குளிப்பதற்கான தண்ணீர் அதில் சிறிய பங்குதான். இப்போதுள்ள கண்டென்சிங் பொயிலர்கள் புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும். பல வீடுகளில் பொருத்தியவர் 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார், வீட்டுக்காரர் அந்தக் குமிழைத் தொட்டே இருக்கமாட்டார். நல்ல பொயிலர் வாங்கி அதன் நல்ல குணத்தை அணைத்து வைப்பது அது.

அதனால்தான் இங்கிலாந்தில் 2018 ஏப்ரலிலிருந்து புதிய கொம்பி பொயிலர் (குளிக்கும் தண்ணீரைச் சேமிக்காமல், குழாயைத் திறக்கும்போதே சூடாக்குவது) போட்டால் நேரக் கட்டுப்பாடும் அறை வெப்பக் கட்டுப்பாடும் கட்டாயம், அதோடு இன்னுமொன்றும் வேண்டும். வெளியே குளிர் கூடக்கூட ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத் தானே ஏற்றி இறக்கும் முறை அதில் ஒன்று. 2022இலிருந்து புதிதாக அமைக்கும் முழு ஹீட்டிங்கை 55 பாகைக்குள் இயங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறார்கள்.

கொழும்பில் சூடாக்க அறை இல்லை. ஆகவே பொயிலரை மறந்துவிடுங்கள். எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு, எத்தனை பாகை என்ற முடிவு முதலில், சாதனம் பிறகு. சோன் பிரிப்பதெல்லாம் உங்கள் வீட்டில் ஒரு வால்வோடு முடிந்துவிடும்.

தேயிலைமலை எழுதியது:

அறை சூடாக்கத் தேவையில்லை என்பது கொழும்புக்கு மட்டும். நுவரெலியாவில் டிசம்பர், ஜனவரியில் இரவு எப்படி இருக்கும் என்று வந்து பாருங்கள். எங்கள் வீட்டில் இன்னும் விறகு அடுப்புத்தான். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், பனிமூட்டம் அண்ணா அங்கே வாருங்கள்.

கிணற்றடி எழுதியது:

பிள்ளை, ஒரு வேலை செய்யுங்கள். சமையலறையில் பயன்படுத்தும் தெர்மோமீற்றர் இருந்தால், காலை ஐந்தரைக்கும் மாலை ஏழுக்கும் குழாய்த் தண்ணீரின் சூட்டை அளந்து எழுதுங்கள். நான் இயற்பியல் படிப்பித்தவன். அளவில்லாமல் பேசினால் எனக்கு நித்திரை வராது.

கடலோரவீடு எழுதியது:

மூன்று நாள் அளந்தேன், ஐயா. காலை 27 பாகை, மூன்று நாளும் ஏறக்குறைய அதுதான். மாலை 31. ஒரு நாள் நல்ல வெயில், அன்று 32. நீங்கள் கேட்கும் வரை, மாலையில் தண்ணீர் தானே சூடாகி வருகிறது என்பதை நான் கவனித்ததே இல்லை.

பழைய ஹீட்டரை ஓஃப் செய்துவிட்டேன். அம்மாவுக்கு அடுப்பில் வைத்துக் கொடுக்கிறோம்.

கிணற்றடி எழுதியது:

நன்றாகச் செய்தீர்கள். இனிக் கணக்கு.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 1.163 வாட்-மணி வேண்டும். ஒருவர் குளிக்க 40 லீற்றர், உடம்புக்கு இதமான சூடு 38 பாகை. காலையில் 27இலிருந்து 38க்கு 11 பாகை ஏற்றவேண்டும். 40 x 11 x 1.163 என்றால் 512 வாட்-மணி, அதாவது அரை யூனிட். மாலையில் 7 பாகைதான், யூனிட்டில் மூன்றில் ஒன்று போதும். காலையில் நாலு பேர், மாலையில் இரண்டு பேர் என்றால் முழுக் குடும்பத்துக்கும் ஒரு நாளைக்கு 2.7 யூனிட். குளிர்காலத்தில் லண்டன் குழாயில் 8 பாகையில் தண்ணீர் வந்தால், உங்கள் தம்பி ஒருவர் குளிக்கவே 1.4 யூனிட் வேண்டும்.

இன்ஸ்டன்ட் எடுத்தாலும் டேங்க் எடுத்தாலும் இந்த 2.7 மாறாது. வித்தியாசம் வருவது இதற்கு மேலே வீணாகப் போவதில். டேங்க் 24 மணி நேரமும் ஓனில் இருந்தால், யாரும் குளிக்காவிட்டாலும் சூடு டேங்கின் சுவரால் கசியும், தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்பப் போடும். பம்பலப்பிட்டியில் என் மகளின் ஃப்ளாட்டில் 50 லீற்றர் டேங்குக்குத் தனி மீற்றர் போட்டு அளந்தேன். ஊருக்குப் போய் வீடு பூட்டியிருந்த நாட்களில் ஒரு நாளைக்கு 0.8 யூனிட். மாதத்துக்கு 24. ஒருவரும் இல்லாத வீட்டில்!

ராஜகிரியக்காரன் எழுதியது:

டேங்க் வைத்து இரவில் சூடாக்குங்கள். இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை கரண்ட் மலிவு. டைமர் போட்டால் பில் பாதியாகும்.

கரண்டுவேலை எழுதியது:

ராஜகிரிய தம்பி, அது நேர அடிப்படைக் கட்டணத்தை விரும்பி எடுத்தவர்களுக்கு. அவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் உச்ச நேரம், அந்த நாலு மணி நேரம் விலை கடுமை. சாதாரண வீட்டு மீற்றரில் நடுச்சாமத்தில் எரித்தாலும் மாலை ஏழுக்கு எரித்தாலும் யூனிட் யூனிட்தான். அங்கே விலையைத் தீர்மானிப்பது மாதத்தின் மொத்தம், 60, 90, 120, 180 என்று படி ஏறுவது. தங்கச்சியின் வீட்டில் 180ஐத் தாண்டினால், கிணற்றடி ஐயா சொன்ன அந்த 24 யூனிட்டும் மேல் படியின் விலையில்தான் விழும். தங்கச்சிக்கு டைமரால் மிச்சமாவது அந்தக் கசிவுதான். பாதியாகும் என்று சொல்லிவிட்டால் பிறகு பில்லைப் பார்த்து மனம் நோகும்.

ராஜகிரியக்காரன் எழுதியது:

சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் அந்த மீற்றர்தான், எல்லோருக்கும் அப்படி என்று நினைத்துவிட்டேன்.

சூரிய ஹீட்டரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. என் வீட்டில் 200 லீற்றர், கூரையில். முதல் வருடம் பில் குறையவே இல்லை. கம்பனி ஆட்கள் பக்கத்துணையாக இருக்கும் எலிமென்டை எப்போதும் ஓனில் இருக்கும்படி இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாலை நாங்கள் குளித்ததும் டேங்கில் புதுத் தண்ணீர் நிறையும், உடனே எலிமென்ட் போடும், விடியும்போது டேங்க் முழுக்கச் சூடு. காலை எட்டு மணிக்குச் சூரியன் வந்தால் அதற்குச் சூடாக்க ஒன்றும் மிச்சமில்லை. கரண்டால் சூடாக்கிய தண்ணீரைச் சூரியன் காவல் காத்தது. இப்போது எலிமென்ட் டைமரில், விடியற்காலை 4 முதல் 5 வரை மட்டும், அதுவும் மழைக்காலத்தில். மற்ற மாதங்களில் சுவிட்ச் ஓஃப். அதற்குப் பிறகுதான் பில்லில் தெரிந்தது.

கடலோரவீடு எழுதியது:

சூரிய ஹீட்டர் எனக்கும் ஆசைதான். ஆனால் பக்கத்தில் ஏழு மாடி ஃப்ளாட் எழும்பிவிட்டது, பகல் ஒரு மணிக்குப் பிறகு எங்கள் ஸ்லாப்பில் நிழல். கடல் 300 மீற்றர்தான், கேட் கம்பியே இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிடும். இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறேன். ஆனால் பின்னால் போடுவதற்குக் குழாய் வழி மட்டும் விட்டுவைக்கச் சொல்லப்போகிறேன்.

50 லீற்றர் டேங்க் என்றால் நாலு பேருக்குக் காணுமா? இன்னொன்று, தெர்மோஸ்டாட்டை 45இல் வைத்தால் கரண்ட் மிச்சம்தானே?

பனிமூட்டம் எழுதியது:

45இல் வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 20 முதல் 45 பாகை வரை தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். ஷவரில் தூவானமாக வரும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறும். வயதானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சேமித்து வைக்கும் தண்ணீர் 60இல் இருக்கட்டும்.

ஆனால் 60 பாகைத் தண்ணீர் கையில் பட்டால் சில செக்கன்களில் தோல் வெந்துவிடும், குழந்தைக்கு இன்னும் வேகமாக. ஆகவே டேங்கில் 60, குழாயில் 40க்குக் கிட்ட. இடையில் தெர்மோஸ்டாடிக் கலப்பு வால்வ் ஒன்று. இங்கிலாந்தில் புது வீடுகளில் குளியல் தொட்டிக்கு வரும் சுடுதண்ணீர் 48 பாகையைத் தாண்டக்கூடாது என்றே விதி இருக்கிறது. அம்மாவின் குளியலறைக்காவது இந்த வால்வைப் போடுங்கள். மூட்டு வலிக்காரர் குழாயைச் சட்டென்று திருப்ப முடியாமல் நிற்பதை என் தாயாரிடம் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது குறைந்த அமுக்கத்தில் வேலை செய்யும் வகையா என்று கேட்கவேண்டும். தாங்கி ஷவருக்கு எத்தனை மீற்றர் மேலே இருக்கிறது?

கடலோரவீடு எழுதியது:

மேல்மாடி ஷவருக்கு இரண்டரை மீற்றர். அம்மாவின் ஷவருக்கு ஐந்தரை.

கரண்டுவேலை எழுதியது:

10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அமுக்கம். மேலே கால் பார்தான் இருக்கிறது, நூல் மாதிரி வந்ததற்குக் காரணம் அதுதான். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் போதிய ஓட்டம் இருந்தால்தான் எலிமென்டைப் போடும் சுவிட்ச் இருக்கும். கால் பாரில் சிலவேளை போடும், சிலவேளை விடும். 4.5 கிலோவாட் ஹீட்டர் 11 பாகை ஏற்றி நிமிடத்துக்கு ஆறு லீற்றர் தரும் என்றாலும், அந்த ஆறு லீற்றர் முதலில் குழாயில் வரவேண்டுமே.

கிணற்றடி எழுதியது:

50 லீற்றர் கணக்கு. 27இலிருந்து 60க்கு 33 பாகை, 1.9 யூனிட். 1.5 கிலோவாட் எலிமென்ட் 6.5 அம்பியர்தான் இழுக்கும், ஒன்றேகால் மணி நேரத்தில் சூடாக்கிவிடும். 60இல் ஒரு பங்குக்கு 27இல் இரண்டு பங்கு கலந்தால் 38. ஆக 50 லீற்றர் 150 லீற்றர் குளிக்கும் தண்ணீராகும். கடைசியாகக் குளிக்கும் பிள்ளைக்குச் சற்று ஆறும், நேரம் முடியும் வரை எலிமென்ட் ஓனில் இருந்தால் அதுவும் சரியாகும். 100 லீற்றர் வேண்டாம்.

குழாயையும் பாருங்கள். முக்கால் அங்குலக் குழாயில் மீற்றருக்குக் கால் லீற்றர் தண்ணீர் நிற்கும். அரை அங்குலத்தில் அதில் பாதி. டேங்க் 12 மீற்றர் தள்ளி இருந்தால் ஒவ்வொரு முறையும் மூன்று லீற்றர் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்கவேண்டும். உங்கள் குளியலறைகள் ஒன்றின் மேல் ஒன்று இருப்பது பெரிய அதிர்ஷ்டம். டேங்கை மேலே, இரண்டு குளியலறைக்கும் பொதுவான சுவரில் மாட்டுங்கள். சமையலறைக்குச் சுடுதண்ணீர்க் குழாய் இழுக்கவேண்டாம், கேத்தில் போதும்.

கொழும்புத் தண்ணீர் மென்மையானது என்பது இன்னொரு வசதி. களனி ஆற்றுத் தண்ணீரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீரும் கேத்திலில் அவ்வளவாகப் படியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் என்றால் எலிமென்டில் வெள்ளையாக ஓடு கட்டிவிடும். அங்கே கேத்திலுக்கு மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி ஊற்றுவோம். ஆனாலும் டேங்குக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கவேண்டும். அது கரைந்து முடிந்தால் அடுத்தது டேங்க்தான் கரையும்.

கரண்டுவேலை எழுதியது:

இனி வயர். பழைய சோனகத் தெருவில் குழாய் வாங்கும்போது சாதாரண பிவிசியைச் சுடுதண்ணீருக்குத் தர விடாதீர்கள், இளகி வளைந்துவிடும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி அல்லது பிபிஆர் கேளுங்கள், அதன் மேலே ஃபோம் உறை. டைல்ஸுக்குள் போன பிறகு மாற்ற முடியாது.

டேங்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன். 1.5 கிலோவாட்டுக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு) காணும். ஆனால் சுவர் வெட்டியிருக்கும்போதே 7/0.85 போட்டுவிடுங்கள், கூடுதல் காசு சிறிது, நாளைக்குப் பெரிய எலிமென்ட் வந்தாலும் கவலையில்லை. எர்த் கம்பியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 1978 வீட்டில் அது எப்போதோ கரைந்திருக்கலாம். இரண்டு வயரையும் துண்டிக்கும் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே.

டைமர் வாங்கும்போது, கரண்ட் போனாலும் மணி ஓடுவதற்கு உள்ளே பேட்டரி உள்ளதா என்று பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது பேட்டரி இல்லாத டைமர்கள் எல்லாம் வெட்டிய நேரத்துக்குப் பிந்தி ஓடின. காலை நாலு மணிக்குப் போடவேண்டியது பின்னேரம் போட்டுக்கொண்டிருந்தது. போர்டில் மாட்டும் 16 அம்பியர் டிஜிட்டல் டைமர் போதும். ஃபோனில் இயக்கும் சுவிட்ச் தம்பிக்கு விருப்பம் என்றால் போடலாம், ஆனால் ரவுட்டர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் பொத்தான் அம்மாவின் கைக்கு எட்டவேண்டும்.

கடைசியாக, டேங்கில் அமுக்கம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வ். 50 லீற்றரை 60க்குச் சூடாக்கினால் அரை லீற்றருக்குச் சற்று அதிகமாக விரியும். உங்களுக்கு மேல்தாங்கியிலிருந்து வருவதால், இடையில் ஒருவழி வால்வ் இல்லாவிட்டால் அது தாங்கிக்கே திரும்பும். நாளைக்குப் பிரஷர் பம்ப் வைத்து ஒருவழி வால்வும் போட்டால் வழி அடைபடும், பாதுகாப்பு வால்வால் சொட்டத்தான் செய்யும். அந்தச் சொட்டு இருக்கவேண்டும். சொட்டுகிறது என்று ஒரு வீட்டில் வால்வின் வாயில் பிளக் அடித்திருந்தார்கள். நான் போனபோது டேங்கின் அடி முட்டையாகப் புடைத்திருந்தது. பக்கத்தில் நின்று கழற்றவே எனக்குப் பயமாக இருந்தது. வால்விலிருந்து ஒரு குழாயை வெளியே, கண்ணில் படும் இடத்துக்கு இறக்குங்கள். ஒருபோதும் மூடாதீர்கள்.

கடலோரவீடு எழுதியது:

பைப் பாஸோடு உட்கார்ந்து படம் கீறினோம். முதலில் முகத்தைத் தூக்கினார். 59 அம்பியர் கணக்கை எழுதிக் காட்டியதும் அமைதியாகிவிட்டார், பிறகு அவரே "அப்படியென்றால் டேங்கை இந்த மூலைக்குக் கொண்டுபோகலாம், அம்மாவின் குழாய் இன்னும் ஒரு மீற்றர் குறையும்" என்றார். இப்போது டேங்கிலிருந்து அம்மாவின் ஷவருக்கு நாலு மீற்றர், அரை அங்குலம். எர்த் கம்பியை அளந்தார்கள், கரண்டுவேலை அண்ணா சொன்னது போலவே ஒன்றுமில்லை. புதிது அடித்தாயிற்று.

கடலோரவீடு எழுதியது:

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வேலை முடிந்தது. டைமர் காலை 3.45க்குப் போட்டு 6.15க்கு நிற்கிறது, மாலை 6.30 முதல் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஒரு மணி நேரம் பிந்தி, அன்றைக்கு அம்மாவும் ஆறரைக்குத்தான் எழும்புவார். டேங்க் 60, அம்மாவின் குழாயில் அளந்தேன், 39.

இன்று காலை அம்மா ஷவரைத் திறக்கும்போது நான் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். எட்டு எண்ண முன் "வந்திட்டுது" என்றார். இத்தனை வருடமாக வாளியில் கலந்து கொடுத்த தண்ணீர். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பிக்கும் சொன்னேன், தன் வீட்டுப் பொயிலர் எத்தனை பாகையில் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லி. 78இல் இருந்ததாம். பனிமூட்டம் அண்ணா, அவனுக்கு என்ன சொல்ல?

பனிமூட்டம் எழுதியது:

கொம்பி என்றால் ரேடியேட்டர் சூட்டை 60க்கு இறக்கிவிட்டு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். வீடு சூடாக நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வீடு குளிர்ந்தால் 65. தண்ணீர் சேமிக்கும் சிலிண்டர் உள்ள வீடு என்றால் தொடமுதல் எனக்கு எழுதச் சொல்லுங்கள், சிலிண்டருக்கு 60 கிடைக்கவேண்டும், அங்கே கணக்கு வேறு.

கரண்டுவேலை எழுதியது:

நல்ல சந்தோஷம் தங்கச்சி. பாதுகாப்பு வால்வின் குழாய் எங்கே வருகிறது?

கடலோரவீடு எழுதியது:

பின்முற்றத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், அண்ணா. மூடவில்லை. ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவதற்கு நாட்காட்டியில் முதலாம் திகதியை வட்டமிட்டிருக்கிறேன்.